ஜோன் பன்யன்: ஆவிக்குரிய போராட்டமும் விடுதலையும்

1. அறிமுகம்

கிறிஸ்தவ வாழ்க்கை ஒரு பயணம் என்றும் அது ஒரு போர் என்றும் பரிசுத்த வேதாகமம் போதிக்கின்றது. எபேசியருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் 6ஆம் அதிகாரத்தில், இப்போர் மனிதருக்கு எதிரானதன்று, பொல்லாத ஆவிகளின் சேனைக்கு எதிரானது என்று பவுல் அப்போஸ்தலர் விளக்குகின்றார். விசுவாசி அணிய வேண்டிய சர்வாயுதவர்க்கத்தையும் அங்கே வரிசைப்படுத்திக் கூறுகின்றார். இப்பகுதியை மனனம் செய்த மாணவர்கள் பலர், இப்போர் எங்கே நடைபெறுகின்றது, எதிரி எவ்வாறு தாக்குகின்றான், விடுதலை எவ்வாறு கிடைக்கின்றது என்ற வினாக்களுக்கு விடை எழுதும்போது தடுமாறுவதுண்டு. இம்மூன்று வினாக்களுக்கும் தமது வாழ்க்கையாலேயே விடை தந்தவர் ஜோன் பன்யன் ஆவார். மோட்ச பிரயாணம் என்னும் நூலின் ஆசிரியராக உலகம் அறிந்த இவர், அந்நூலில் வரும் போர்களைத் தமது உள்ளத்திலும் சிறைச்சாலையிலும் முதலில் சந்தித்தவர்.

2. இளமைப் பருவம்

ஜோன் பன்யன் இங்கிலாந்தில் பெட்போட் நகருக்கு அண்மையிலுள்ள எல்ஸ்ரோ என்னும் கிராமத்தில் பிறந்தார். 1628 நவம்பர் 30ஆம் திகதி அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது. தந்தையார் தோமஸ், பாத்திரங்களின் ஓட்டையை அடைத்துச் செப்பனிட்டுக் கொடுக்கும் தொழிலைச் செய்தவர். மகனும் அதே தொழிலைக் கற்றார். வறிய குடும்பமாயினும் எழுதவும் வாசிக்கவும் பன்யனுக்குக் கற்பிக்கப்பட்டது.

1644ஆம் ஆண்டு அவருக்குத் துயரம் நிறைந்த ஆண்டாக அமைந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் தாயாரும் அடுத்த மாதத்தில் சகோதரியும் இறந்தனர். சிறிது காலத்தில் தந்தையார் மறுமணம் செய்தார். அக்காலத்தில் முதலாம் சாள்ஸ் மன்னனுக்கும் பாராளுமன்றத்திற்கும் இடையில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. பதினாறு வயது நிறைந்ததும் பன்யன் பாராளுமன்றப் படையில் சேர்ந்து, 1647 வரை நியூபோட் பக்னல் என்னும் இடத்திலிருந்த படையணியில் பணியாற்றினார். ஒருமுறை முற்றுகைக்குச் செல்லும்படி பன்யன் தெரிவு செய்யப்பட்டார். வேறொரு வீரர் அவருக்குப் பதிலாகச் செல்ல விரும்பிச் சென்றார். காவலில் நின்ற அவ்வீரர் தலையில் குண்டு பாய்ந்து இறந்தார். தம்முடைய இடத்தில் இன்னொருவர் இறந்ததைப் பன்யன் தம் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை.

3. வெளித் திருத்தமும் உள்ளத்தின் போரும்

படையிலிருந்து திரும்பிய பன்யன் 1649ஆம் ஆண்டளவில் திருமணம் செய்தார். கணவனும் மனைவியும் மிக ஏழைகள். மனைவி தந்தையாரிடமிருந்து கொண்டுவந்த சீதனம் இரண்டு பக்தி நூல்கள் மாத்திரமே. அவர்களுக்குப் பிறந்த முதற் குழந்தையான மேரி பார்வையற்றவள்.

அக்காலத்தில் பன்யன் சாபச் சொற்களைத் தாராளமாகப் பேசுபவராகவும் விளையாட்டில் மிகுந்த பிரியமுள்ளவராகவும் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஓய்வுநாளை மீறுவது பற்றிய பிரசங்கத்தைக் கேட்டுக் கலங்கினார். பிற்பகலிலோ வழமைபோல எமது கிட்டிப்புள்ளைப் போன்ற ஒரு விளையாட்டில் ஈடுபட்டார். ஆட்டத்தின் நடுவில், பாவத்தை விட்டுப் பரலோகம் செல்லப் போகிறாயா, பாவத்தோடு நரகம் செல்லப் போகிறாயா என்ற கேள்வி அவருடைய உள்ளத்தில் எழுந்தது. அசையாமல் நின்று யோசித்த அவர், தமக்கு மன்னிப்புக் கிடைக்கும் காலம் கடந்துவிட்டது என்று முடிவு செய்தார். எப்படியும் அழியப் போகிறவனுக்குப் பாவம் சிறிதாயினும் பெரிதாயினும் ஒன்றுதானே என எண்ணி மீண்டும் விளையாடத் தொடங்கினார். இந்நிகழ்ச்சியை மாணவர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். இங்கு எதிரி பயன்படுத்திய ஆயுதம் ஆசை மட்டுமன்று, நம்பிக்கையின்மையும் ஆகும். இனித் திரும்ப முடியாது என்று எண்ணுபவன் பாவத்தில் துணிந்து நடப்பான்.

பின்னர் ஒரு பெண் அவருடைய சாபப் பேச்சைக் கண்டித்தாள். அப்பெண்ணும் நல்லொழுக்கமுடையவள் எனப் பெயர் பெற்றவள் அல்லள். வெட்கமடைந்த பன்யன் அப்பழக்கத்தை விட்டார். வேதாகமத்தை வாசித்தார், ஆலய மணி அடிப்பதையும் நடனத்தையும் கைவிட்டார். அயலவர்கள் அவரைப் புகழ்ந்தனர். ஆயினும் அவருடைய உள்ளத்தில் சமாதானம் இருக்கவில்லை.

ஒருநாள் தொழிலுக்காகப் பெட்போட் நகருக்குச் சென்றபோது, மூன்று நான்கு ஏழைப் பெண்கள் ஒரு வீட்டு வாசலில் வெயிலில் அமர்ந்து பேசிக்கொண்டிருப்பதைக் கேட்டார். தேவனுடைய அன்பு தங்களைச் சந்தித்த விதத்தையும், சோதனைகளில் தாங்கள் தாங்கப்பட்ட விதத்தையும் அவர்கள் மகிழ்ச்சியோடு பேசினர். தாம் பெற்றது வெளித் திருத்தம் மட்டுமே, அவர்கள் பெற்றதோ புதிய பிறப்பு என்பது பன்யனுக்கு விளங்கியது. அப்பெண்கள் மூலம் அவர்களுடைய போதகரான ஜோன் கிபர்ட் என்பவரின் அறிமுகம் கிடைத்தது. கிபர்ட் முன்னர் மன்னர் படையில் அதிகாரியாக இருந்தவர். போர்க்களத்தில் எதிரணியில் நின்றவரே பன்யனுக்கு ஆவிக்குரிய வழிகாட்டியானார்.

4. நிராசையும் விடுதலையும்

சபையோடு சேர்ந்ததும் போர் முடிந்துவிடவில்லை, முன்னரிலும் கடுமையானது. கிறிஸ்துவை விற்றுவிடு என்ற எண்ணம் ஏறக்குறைய ஓராண்டு காலம் அவரை இடைவிடாது வருத்தியது. உணவருந்தும் வேளையிலும் வேலை செய்யும் வேளையிலும் அவ்வெண்ணம் எழுந்தது. அவர் மறுத்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் காலை படுக்கையில் களைத்துப்போன நிலையில், அவர் விரும்பினால் போகட்டும் என்ற எண்ணம் தம் உள்ளத்தைக் கடந்து சென்றதாக உணர்ந்தார். தாம் கிறிஸ்துவை விற்றுவிட்டதாகவே நம்பிக் கலங்கினார். சேஷ்டபுத்திர பாகத்தை விற்று, பின்பு கண்ணீரோடு தேடியும் அதைப் பெறாத ஏசாவைப் பற்றிய எபிரெயர் 12ஆம் அதிகாரப் பகுதி அவரை அச்சுறுத்தியது. வயதில் மூத்த ஒரு விசுவாசியிடம் தம் பயத்தைக் கூறியபோது, அவரும் அப்படித்தான் தோன்றுகிறது என்று கூறிவிட்டார். இந்நிலை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

இவ்விருளிலிருந்து அவர் எவ்வாறு மீண்டார்?

முதலாவதாக, அவர் தனித்து ஒதுங்கிவிடவில்லை. சபையின் ஐக்கியத்திலும் போதகரின் ஆலோசனையிலும் நிலைத்திருந்தார்.

இரண்டாவதாக, கலாத்தியர் நிருபத்திற்கு மாட்டின் லூதர் எழுதிய விளக்கவுரையின் மிகப் பழைய பிரதியொன்று அவருக்குக் கிடைத்தது. நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒருவர் தம்முடைய உள்ளத்தையே எழுதி வைத்திருப்பதைப் போல அவர் உணர்ந்தார். இத்தகைய போராட்டம் தமக்கு மட்டும் உரியதன்று என அறிந்தது பெரும் ஆறுதலாயிற்று.

மூன்றாவதாக, கிருபை போதுமானது என்று பவுலுக்கு அளிக்கப்பட்ட வாக்குத்தத்தம் (2 கொரிந்தியர் 12:9) சிறிது சிறிதாக அவருடைய உள்ளத்தில் வேரூன்றியது. ஏசாவைப் பற்றிய வசனமும் இவ்வாக்குத்தத்தமும் அவருடைய மனதில் ஒன்றோடொன்று போராடின. இறுதியில் பயம் தணிந்து கிருபை நிலைத்தது.

பின்னர் ஒருநாள் வயல்வெளியில் நடந்து செல்கையில், தம்முடைய நீதி தம்மிடம் அன்று, பரலோகத்தில் தேவனுடைய வலது பாரிசத்திலிருக்கும் கிறிஸ்துவே தம்முடைய நீதி என்ற உண்மை அவருக்குத் தெளிவாயிற்று. தம் மனநிலை நன்றாக இருப்பதால் அந்நீதி கூடுவதுமில்லை. மனநிலை மோசமாக இருப்பதால் அது குறைவதுமில்லை. கால்களில் கிடந்த விலங்கு கழன்று விழுந்தவரைப் போல அவர் வீடு திரும்பினார்.

குறிப்பு: திரும்பத் திரும்ப வருத்தும் இத்தகைய எண்ணங்கள், சிகிச்சையால் குணப்படுத்தக்கூடிய ஒரு மனநோயின் அடையாளமாகவும் இருக்கலாம் என இக்கால அறிஞர் சிலர் கருதுகின்றனர். ஜெபமும் மருத்துவமும் ஒன்றுக்கொன்று பகையல்ல. பன்யனுக்கு வழிகாட்டிய கிபர்ட்டும் பெட்போட்டில் மருத்துவம் செய்தவரே. இவ்வாறு துன்பப்படுபவர் அதை மறைக்காமல் நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் கூறுவதே சிறந்தது.

5. சிறைவாசம்

பன்யன் 1655ஆம் ஆண்டில் பெட்போட்டில் குடியேறி, அதையடுத்துப் பிரசங்கிக்கத் தொடங்கினார். 1658இல் நான்கு பிள்ளைகளை விட்டு மனைவி இறந்தார். அடுத்த ஆண்டு எலிசபெத் என்பவரை மணந்தார்.

1660ஆம் ஆண்டில் இரண்டாம் சாள்ஸ் மன்னனின் ஆட்சி ஏற்பட்டது. அரசு சார்ந்த திருச்சபைக்கு வெளியே கூட்டங்கள் நடத்துவோர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. 1660 நவம்பர் 12ஆம் திகதி சாம்செல் என்னும் சிற்றூரில் பன்யன் பிரசங்கிக்கவிருந்தார். பிடியாணை தயாராக இருப்பதாக முன்கூட்டியே செய்தி வந்தது. கூட்டத்தைக் கைவிடலாம் என வீட்டுக்காரர் ஆலோசனை கூறினார். பன்யன் வெளியே சென்று சிறிது நேரம் உலாவி யோசித்தார். தாம் ஓடிவிட்டால் புதிய விசுவாசிகளின் தைரியம் குன்றிவிடும் எனக் கருதித் திரும்பி வந்து கூட்டத்தை ஆரம்பித்தார், கைதானார்.

1661 ஜனவரியில் 1593ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அவருக்கு மூன்று மாதச் சிறை விதிக்கப்பட்டது. அதன் பின்னரும் கீழ்ப்படியாவிடின் நாடுகடத்தல், அனுமதியின்றித் திரும்பி வந்தால் தூக்கு என்று எச்சரிக்கப்பட்டார். பிரசங்கிப்பதில்லை என ஒரு வாக்குறுதி கொடுத்திருந்தால் அவர் வீட்டுக்குப் போயிருக்கலாம். அவர் அதைக் கொடுக்கவில்லை. மூன்று மாதம் பன்னிரண்டு ஆண்டுகளாக நீண்டது.

அவர் கைதான செய்தியின் அதிர்ச்சியால் கர்ப்பிணியாக இருந்த எலிசபெத்திற்குக் காலத்திற்கு முன் பிரசவமாகி, குழந்தை இறந்தது. 1661 ஆகஸ்ட் மாதத்தில் அந்த இளம் பெண் நீதிபதிகள் முன் துணிந்து சென்று கணவனுக்காக வாதாடினார். நான்கு பிள்ளைகளின் நிலையையும் அவர்களில் ஒருத்தி பார்வையற்றவள் என்பதையும் எடுத்துக் கூறினார். நீதிபதி மத்தியூ ஹேல் மனமிரங்கி, மேற்கொண்டு செய்யக்கூடிய வழிகளைச் சொல்லிக் கொடுத்தார். ஆனால் விடுதலை கிடைக்கவில்லை.

சிறையிலிருந்த பன்யனை மிகவும் வருத்தியது மேரியின் நினைவே. குளிரிலும் பசியிலும் அவள் என்ன பாடுபடுவாளோ என எண்ணி அவர் மனமுடைந்தார். தம்முடைய விசுவாசத்தின் விலையை மனைவியும் பிள்ளைகளும் செலுத்துகிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. குடும்பத்தைக் காப்பாற்றுவதற்காகச் சிறையிலிருந்தபடியே முனையில் உலோகம் பொருத்திய கட்டுநாடாக்களைச் செய்து விற்பித்தார்.

6. மிகக் கடுமையான போர்

சிறைவாசத்தின் ஆரம்பத்தில் தம்மைத் தூக்கிலிடுவார்கள் எனப் பன்யன் எண்ணினார். சாவதைவிட வேறொரு பயம் அவரை வாட்டியது. தூக்குமர ஏணியில் ஏறும்போது கால்கள் நடுங்கி முகம் வெளிறினால், தேவனுடைய வழியைப் பிறர் இகழ்வார்களே எனக் கலங்கினார். ஜெபித்தார், ஆறுதல் வரவில்லை. இறந்தபின் நீ எங்கே போவாய், பரலோகம் உனக்குரியது என்பதற்கு என்ன அத்தாட்சி உண்டு என்று சோதனைக்காரன் கேட்பதாக உணர்ந்தார். பல வாரங்கள் இவ்வாறு கழிந்தன.

இறுதியில் அவர் ஒரு தீர்மானத்திற்கு வந்தார். தாம் சிறைப்பட்டது தேவனுடைய வார்த்தைக்காக. ஆகவே அதில் ஒரு மயிரிழையும் பின்வாங்காமல் நிற்பது தமது கடமை. ஆறுதலை இப்போது தருவதோ, மரணவேளையில் தருவதோ, தராமலே விடுவதோ தேவனுடைய சித்தம். தேவன் ஆறுதல் தந்தாலும் தராவிட்டாலும் தாம் அவரைச் சேவிப்பார். யோபு பலனை எதிர்பாராமலா தேவனுக்குப் பயந்து நடக்கிறான் எனச் சாத்தான் எழுப்பிய கேள்வி (யோபு 1:9) அவருக்கு நினைவு வந்தது. பலனை எதிர்பாராமலும் தேவனைச் சேவிக்கும் மனிதன் உண்டு என்பதே அக்கேள்விக்குப் பதில் என்பதை உணர்ந்தார். இத்தீர்மானத்தின் பின்னரே அவருடைய உள்ளத்தில் ஆறுதல் நிறைந்தது. சிறைக்கதவு திறக்குமுன்பே அவர் விடுதலை பெற்றுவிட்டார் எனலாம்.

7. நூல்களில் ஆவிக்குரிய போர்

பன்யன் ஏறக்குறைய அறுபது நூல்களை எழுதினார். அவற்றுள் மூன்று எமது பாடத்திற்கு முக்கியமானவை.

(அ) பாவிகளில் பிரதானமானவனுக்குப் பெருகிய கிருபை (1666): சிறையில் எழுதிய தன்வரலாறு. மேலே கூறப்பட்ட உள்ளப் போராட்டங்களை இதில் ஒளிவுமறைவின்றி எழுதியுள்ளார்.

(ஆ) மோட்ச பிரயாணம் (முதற்பகுதி 1678, இரண்டாம் பகுதி 1684): கிறிஸ்தியான் என்னும் பயணி அழிவின் நகரத்திலிருந்து பரம நகரத்தை நோக்கிச் செல்லும் உருவகக் கதை. சிலுவையருகில் அவனுடைய பாரச்சுமை விழுகின்றது. ஆனால் போர்கள் அதன் பின்னரே தொடங்குகின்றன. தாழ்மைப் பள்ளத்தாக்கில் அப்பொல்லியோன் அவனை எதிர்க்கின்றான். முதுகுக்குக் கவசம் இல்லாததால் புறங்காட்டி ஓடுவது ஆபத்து என அறிந்து, அவன் நின்று போரிட்டு, கைநழுவிய வாளை மீண்டும் எடுத்து வெல்கின்றான். மரண நிழலின் பள்ளத்தாக்கில் தீய ஆவி பின்னால் வந்து தேவதூஷணமான சொற்களைக் காதில் ஓதுகின்றது. அவை தன் உள்ளத்திலிருந்தே வருகின்றன என எண்ணி அவன் கலங்குகின்றான். சந்தேகக் கோட்டையில் நிராசை என்னும் இராட்சதன் அவனையும் தோழனையும் அடைத்து வைக்கின்றான். வாக்குத்தத்தம் என்னும் திறவுகோல் அதுவரை தன் மார்பிலேயே இருந்ததைக் கிறிஸ்தியான் உணர்ந்ததும் கதவுகள் திறக்கின்றன.

(இ) பரிசுத்த யுத்தம் (1682): மனித ஆத்துமா ஒரு நகரமாக உருவகிக்கப்படுகின்றது. செவி, கண், வாய், மூக்கு, தொடுகை என அதற்கு ஐந்து வாயில்கள். உள்ளே இருப்பவர்கள் சம்மதியாமல் அவற்றை வெளியிலிருந்து எவராலும் திறக்கவோ உடைக்கவோ இயலாது. பிசாசு வஞ்சகமாகப் பேசி நகரத்தைப் பிடிக்கின்றான், இம்மானுவேல் மீட்கின்றார். மீட்கப்பட்ட மக்கள் கவலையற்றுத் தூங்கியபோது பகைவன் மீண்டும் வருகின்றான். விடுதலை பெற்றவரும் விழித்திருக்க வேண்டும் என்பதே இதன் கருத்து.

8. இறுதிக் காலம்

1672ஆம் ஆண்டில் மன்னனின் சகிப்புப் பிரகடனத்தால் பன்யன் விடுதலையானார். அவ்வாண்டே பெட்போட் சபையின் போதகராகவும் தெரிவானார். 1676–1677 காலத்தில் சில மாதங்கள் மீண்டும் சிறையிலிருந்தார். 1688இல் பிணங்கியிருந்த தந்தையையும் மகனையும் ஒப்புரவாக்குவதற்காக ரெடிங் நகருக்குச் சென்று, அதில் வெற்றி கண்டு, கடும் மழையில் நனைந்தபடி குதிரையில் இலண்டனை அடைந்தார். அதனால் நோயுற்று ஆகஸ்ட் 31ஆம் திகதி இறந்தார். இலண்டனிலுள்ள பன்ஹில் பீல்ட்ஸ் மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

மோட்ச பிரயாணம் இருநூறுக்கு மேற்பட்ட மொழிகளில் பெயர்க்கப்பட்டுள்ளது. தமிழில் உரைநடையாக வெளிவந்ததுடன், எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) இயற்றி 1894இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகம் என்னும் காப்பியத்திற்கும் இதுவே மூலமாயிற்று.

9. பன்யனின் வாழ்க்கை தரும் படிப்பினைகள்

• ஆவிக்குரிய போர் முதன்மையாக உள்ளத்தில் நடைபெறுகின்றது. மனிதர் எமது பகைவர் அல்லர்.
• ஆசை காட்டுவது மட்டுமன்றி நம்பிக்கையை இழக்கச் செய்வதும் எதிரியின் தந்திரமாகும்.
• வேண்டாத எண்ணம் எழுவது வேறு. அதற்குச் சம்மதிப்பது வேறு.
• தேவ வார்த்தை, ஜெபம், சபையின் ஐக்கியம் ஆகியவை போராயுதங்கள்.
• விடுதலை எப்போதும் ஒரே நாளில் வருவதில்லை. உணர்ச்சி இல்லாத வேளையிலும் உறுதியாக நிற்பதே விசுவாசம்.

10. பயிற்சி வினாக்கள்

1. பன்யன் எந்த ஆண்டில், எங்கே கைது செய்யப்பட்டார்?
2. பெட்போட் நகரப் பெண்களின் உரையாடல் பன்யனுக்கு உணர்த்திய உண்மை யாது?
3. சந்தேகக் கோட்டையின் கதவுகளைத் திறந்த திறவுகோலின் பெயர் யாது? அது எங்கே இருந்தது? இதனால் ஆசிரியர் உணர்த்துவது என்ன?
4. விடுதலை பெற்றவரும் விழித்திருக்க வேண்டும் என்பதைப் பரிசுத்த யுத்தம் என்னும் நூலைக் கொண்டு விளக்குக.
5. எபேசியர் 6:10–18இல் கூறப்படும் சர்வாயுதவர்க்கத்துள் மூன்றினைத் தெரிவு செய்து, அவற்றைப் பன்யனின் வாழ்க்கை நிகழ்ச்சிகளோடு பொருத்திக் காட்டுக.

விடை எழுதுவோர்க்கு: 5ஆம் வினாவிற்கு ஆயுதங்களின் பெயர்களை மட்டும் எழுதுவது போதாது. உதாரணமாக, விசுவாசம் என்னும் கேடகத்தைக் குறிப்பிட்டால், தூக்குமரப் பயத்தின்போது பன்யன் எடுத்த தீர்மானத்தை அதனுடன் இணைத்துக் காட்டுக. ஆவியின் பட்டயமாகிய தேவ வசனத்தைக் குறிப்பிட்டால், நிராசையிலிருந்து அவரை மீட்ட வாக்குத்தத்தத்தை எழுதுக. நிகழ்ச்சியும் ஆயுதமும் இணையும்போதே விடை முழுமை பெறும்.